நுரைக்காத பொடியும் நுரைத்த பாயசமும்

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் நாலு அங்குல நீளம் இருக்கும். அதை வாயால் சொல்லவில்லை. பென்சிலும் அடிமட்டமும் வைத்து வரைபடத்தாளில் போட்டேன். பார்க்க நேராக, லட்சணமாக, யாருக்கும் கெடுதல் நினைக்காத கோடு போலத்தான் இருந்தது. அந்தக் கோட்டை நம்பி ஒரு மாசி மாதக் காலையில் எங்கள் சொந்தபந்தம் முழுவதும் இலை போட்டு உட்கார்ந்தது என்பதை நினைத்தால், இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

எண்பதுகளின் கடைசியில் நான் மதுரையில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். எங்கள் சொந்தத்தில் எம்.எஸ்ஸி. வரை போன முதல் பெண் நான்தான். அதனால் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. (கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் தம்பியைக் கேட்டால் வேறு அளவு சொல்வான்.) அம்மா காபி ஆற்றினால், பக்கத்தில் நின்று வெப்பம் எப்படிக் காற்றுக்குப் போகிறது என்று விளக்குவேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்த டம்ளரக் கழுவி வை" என்பாள்.

கடைசி வருடம் ஆளுக்கொரு ஆய்வு செய்து புத்தகமாகக் கட்டித் தர வேண்டும். எனக்குக் கிடைத்த தலைப்பு: சோப்பு, கல்பொடியின் மேல் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது, சூடு ஏறினால் அது கூடுமா குறையுமா. செய்முறை எளிதுதான். சோப்புத் தண்ணீரில் கல்பொடியைப் போட்டுக் குலுக்க வேண்டும். வடிகட்டித் தண்ணீரில் மிச்சம் எவ்வளவு சோப்பு என்று பார்க்க வேண்டும். எவ்வளவு காணாமல் போயிருக்கிறதோ அவ்வளவும் கல்லில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதையே ஒவ்வொரு சூட்டிலும், தண்ணீர் கொதிக்கும் பக்கம் வரை, செய்து காட்ட வேண்டும்.

எங்கள் துறையில் தண்ணீரைச் சீரான சூட்டில் வைக்கும் தொட்டி ஒன்றே ஒன்று இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே அது உயிரை விட்டிருந்தது. அதைப் பழுதுபார்க்கும் கோப்பு மட்டும் உயிரோடு ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அருப்புக்கோட்டையில் சூட்டுக்கா பஞ்சம்? விடியற்காலையில் இருபத்தெட்டு டிகிரி. பத்து மணிக்கு முப்பத்து நாலு. மதியம் மொட்டைமாடியில் நாற்பது. மூன்று புள்ளிகள் வந்துவிட்டன. மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன. நாற்பதுக்கு மேல் எங்கள் ஊரே கையை விரித்துவிட்டது.

அம்மாவின் அடுப்பில் வைத்திருக்கலாம். கேட்கவில்லை. பைண்டிங் கடையில் மறுநாள் கடைசி நாள். அடிமட்டத்தை மூன்று புள்ளிகளின் மேல் வைத்து, தொண்ணூறு டிகிரி வரை ஒரே இழுப்பு. கீழே, "உயர் வெப்பநிலையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று எழுதினேன். மூன்றாவது புள்ளி மட்டும் ஒரு மயிரிழை கீழே சரிந்திருந்தது. பென்சில் முனை மழுங்கியதால் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வழிகாட்டிப் பேராசிரியர், யாரிடமோ பென்ஷன் பற்றிப் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதல் வகுப்பு கிடைத்தது.

கல்பொடி கொடுத்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி. பந்தல்குடி ரோட்டில் சின்னதாக ஒரு கல்பொடி மில் வைத்திருந்தார். வெள்ளைக்கல்லை அரைத்துக் கோலப்பொடியாகவும் பெயிண்டுக்குச் சேர்மானமாகவும் விற்பார். என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். இங்கிலீஷ் பக்கங்களை மரியாதையோடு தாண்டி, வரைபடத்தில் வந்து நின்றார்.

"கோடு நேரா இருக்கே தாயி."

"ஆமா மாமா."

"நேரா இருந்தா யாவாரத்துக்கு நல்லது. இதுக்கு என்ன அர்த்தம்?"

சோப்பு கல்லை விடாமல் பிடித்துக்கொள்கிறது, தண்ணீருக்கு வருவதில்லை, அதனால் நுரை வராது என்றேன். மாமாவின் கண்கள் விரிந்தன. அப்போதுதான் வீடுகளில் சாம்பலை விட்டுவிட்டுப் பாத்திரம் துலக்க விலைக்குப் பொடி வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பொடிகள் பொங்கப் பொங்க நுரைக்கும். அந்த நுரை போக நாலு தண்ணீர் அலச வேண்டும். எங்கள் ஊரில் அப்போது குழாயில் தண்ணீர் வருகிற நாளைத் திருவிழா போலக் கொண்டாடுவோம். குடம் வைக்கும் வரிசைக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

"ஏ செல்வி, நொரையில்லாத பொடி. ஒரே தண்ணி. அலசுனா சுத்தம். இந்தச் சீமைக்கு இத விட என்ன வேணும்?" என்றார். பெயரையும் அவரே வைத்தார்: 'ஒத்தத்தண்ணி' பொடி. மில்லின் கல்பொடியில் சோப்பை ஏற்றி நான் பொடி செய்தேன். வாசனைக்கு எலுமிச்சை எசன்ஸ் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

பேரம் இதுதான். மாசியில் மாமா மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. அங்கே சமையல் பாத்திரமெல்லாம் ஒத்தத்தண்ணியில் துலக்கி, ஊரே பார்க்க வெள்ளோட்டம் விடுவது. நன்றாக வந்தால் மில்லின் பின்கட்டு அறையை எனக்கு லேப் ஆக்கித் தருவார். "டேபிளு, சேரு, ஃபேனு" என்று மூன்று விரலை நீட்டினார். அந்த மூன்றாவது விரலில்தான் நான் விழுந்தேன்.

பாளையம்பட்டியில் மளிகைக்கடை வைத்திருந்த அப்பா பேச்சை அங்கேயே முடித்தார். "மில்லுல ஒழுங்கா வேலைன்னா இருக்கட்டும். இல்லேன்னா திருச்சுழிக்காரக பொண்ணு கேக்குறாக. அவுகளும் காதுகுத்துக்கு வாராக. ரெண்டுல ஒண்ணு அன்னைக்கே தெரிஞ்சுபோகும்."

எனக்குக் கல்யாணம் வேண்டாம், ஃபேன் போதும்.

எங்கள் குலதெய்வம் எம்.ரெட்டியபட்டியைத் தாண்டிக் கரிசல்காட்டுக்கு நடுவே இருக்கிறது. சைவ சாமி, பொங்கலும் பாயசமும்தான் படையல். கோயில் கிணற்றில் தண்ணீரைப் பார்த்தவர்கள் அப்போதே வயதானவர்கள். டிராக்டரில் ஒரு டேங்க் தண்ணீர் வரும். சமைக்க, குடிக்க, கைகழுவ, மற்றதுக்கு எல்லாம் அதுதான்.

விடியற்காலையில் வாடகைப் பாத்திரங்கள் வந்து இறங்கின. பாயச அண்டா எத்தனையோ கல்யாணம் பார்த்தது. உள்ளே முழுக்க நெளிவும் குழியும். பெண்கள் நாலு பேர் என் பொடியைப் போட்டுத் தேய்த்தார்கள். நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றேன். (நோட்டில் எழுத ஒன்றுமே இல்லை. ஆனாலும் எழுதினேன்.)

எங்கள் பக்கத்து விசேஷங்களுக்கெல்லாம் சமைக்கிற தவசிப்பிள்ளை சுப்பையா அண்ணன் வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நொரையே வரலையே பாப்பா. வெளக்குன மாதிரியே தெரியலையே."

"நுரை வேற, சுத்தம் வேற அண்ணே. நுரைங்கறது வெறும் காத்து."

அவர் அண்டாவின் குழியில் விரலை வைத்துத் தேய்த்து எனக்குக் காட்டினார். விரல் நுனியில் லேசாக வெள்ளை.

"இது என்ன?"

"டேங்க் தண்ணி உப்பு."

"இன்னொரு தண்ணி ஊத்திக்கிறேன்" என்று வாளியைத் தூக்கினார். நான் வாளியின் காதைப் பிடித்துக்கொண்டேன். சொல்லவே கூசுகிறது. அப்பா வயதுள்ள மனிதரிடம், "இன்னொரு தண்ணி ஊத்துனா அப்பறம் என் பொடிக்கு என்னண்ணே மரியாதை?" என்று கேட்டேன்.

மாமாவும் வந்துவிட்டார். "அண்ணே, படிச்ச புள்ள சொல்லுதுல்ல. விடுங்க."

சுப்பையா அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். "சரி. ஒங்க அண்டா, ஒங்க பாலு" என்றார்.

அண்டா அடுப்பில் ஏறியது. பால் ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் பால் பொங்கியது. குலதெய்வத்தின் முன்னால் பால் பொங்கினால் அதைவிட நல்ல சகுனம் ஏது? பெண்கள் எல்லோரும் சேர்ந்து குலவையிட்டார்கள். சுப்பையா அண்ணன் வழக்கம்போல ஒரு கை தண்ணீர் தெளித்தார். பால் அடங்க வேண்டும். அடங்கவில்லை. இன்னும் பொங்கியது. இன்னொரு குலவை. அவர் விறகை இழுத்தார், கரண்டியால் கலக்கினார். கலக்கக் கலக்க அது மலைபோல எழும்பியது. மூன்றாவது குலவை. மாமா கண்ணில் தண்ணீரோடு, "இந்த வருசம் மில்லு எங்கயோ போகப்போகுது" என்றார். நுரை அண்டாவின் விளிம்பைத் தாண்டி இறங்கி ஒரு விறகையே அணைத்தது.

நான் மட்டும் குலவையிடவில்லை. நுரையில் பச்சையும் ஊதாவும் மின்னிக்கொண்டிருந்தன. பால் நுரையில் வானவில் தெரியாது. சோப்பு நுரையில்தான் தெரியும். ஒரு மயிரிழை சரிந்திருந்த அந்த மூன்றாவது புள்ளி என் கண்முன்னால் வந்து நின்றது. பச்சைத்தண்ணீரில் கல்லை இறுகப் பிடித்திருந்த சோப்பு, கொதிக்கிற பாலில் பிடியை விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நுரைக்கவில்லை என்பதற்காகச் சோப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. பொடியோடு பொடியாக அது அண்டாவின் குழிகளில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது.

மாமாவைத் தனியே இழுத்தேன். "மாமா, பாயசம் வேண்டாம். சூட்டுல சோப்பு கல்ல விட்டு வந்துருச்சுன்னு தோணுது."

"தோணுதா, தெரியுமா?"

"தெரியாது. அந்தச் சூட்டுல நான் செஞ்சு பாக்கல."

"அப்பப் பேசாம இரு. சாமி முன்னால பொங்கியாச்சு. இனிமே நிறுத்துனா தெய்வக்குத்தம்."

நான் பேசாமல் இருந்தேன். இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இன்னொரு குற்றம் அது.

சுப்பையா அண்ணன் ருசி பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. படைத்ததும் பந்தி போட்டுவிட்டார்கள். முதல் பந்தியில் திருச்சுழிக்காரர்கள், மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும். (மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம். அந்த ஆபீசில் யாரோ ஒரு நல்ல அதிகாரி இருந்திருக்கிறார்.) பெரியவர், டம்ளரில் வந்த பாயசத்தை ஒரு மடக்குக் குடித்தார். முகம் ஒரு நொடி எங்கோ போய்த் திரும்பியது. விசேஷ வீட்டில் முதல் பந்தியில் இனிப்பைக் குறை சொன்னால் அந்த விசேஷத்துக்கே குறை. அவருக்கு அது தெரியும். பந்தி முழுவதும் அவர் முகத்தையே பார்த்தது.

"வித்தியாசமா இருக்கு" என்றார்.

உடனே பந்தியின் மறுகோடி வரை பாயசம் வித்தியாசமாகிவிட்டது.

"எலுமிச்ச வாசம் வருதே."

"இப்பெல்லாம் மதுரப் பக்கம் இப்பிடித்தான் போடுறாகளாம்."

"லேசாக் கசக்குது. பாதாமா இருக்கும்."

பரிமாறியவர் பெரியவரிடம், "இன்னுங் கொஞ்சம்?" என்றார். பெரியவர் என் அப்பாவைப் பார்த்தார். "கொஞ்சமா" என்றார். அவர் ஏப்பம் விட்டபோது ஒரு குமிழி பறந்தது என்று என் தம்பி இன்றுவரை சாதிக்கிறான். நான் பார்க்கவில்லை. பறக்கவில்லை என்று அடித்துச் சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை.

இரண்டு பந்தி அப்படியே மரியாதையாகக் குடித்து முடித்தது. அதன் பிறகு ஒவ்வொருவராக, யாரிடமும் சொல்லாமல், ஒரு செம்புத் தண்ணீரோடு வேலிக்கருவை முள்காட்டுப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தார்கள். பிறகு இருவர் இருவராக. பிறகு ஓட்டமாக. என் பொடி அன்று காலை மிச்சப்படுத்திய தண்ணீர் முழுவதும் அரை மணி நேரத்தில் அந்தக் காட்டுக்குள் போய்விட்டது. டேங்கின் குழாய் காற்றை உமிழ்ந்தது.

மூன்றாம் பந்தியில் உட்கார்ந்த என் அத்தை, மாமாவின் மனைவி, ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே துப்பினாள். அவளுக்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

"யோவ் சுப்பையாண்ணே! என்னய்யா ஊத்துன பாலுக்குள்ள?"

அவ்வளவுதான். அதுவரை பாதாமாக இருந்ததெல்லாம் விஷமாகிவிட்டது. கெட்டுப்போன பாலில் சோடா போட்டுக் காய்ச்சியிருக்கிறான் என்றார் ஒருவர். போன மாசமே பந்தல்குடியில் இவர் சாம்பார் சரியில்லை என்றார் இன்னொருவர். சுப்பையா அண்ணன் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஆனால் என் பெயரைச் சொல்லவில்லை. படித்த பெண்ணின் பெயரைப் பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் எடுக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினார். கரண்டியைக் கழுவாமலே தரையில் வைத்தார்.

"இருவத்தஞ்சு வருசமா இந்தக் கையால சமைக்கிறேன். இன்னையோட போதும்" என்றார்.

மாமா என் காதுக்குள், "வாயத் தெறக்காத. ஒனக்கு லேபு வேணுமா வேண்டாமா?" என்றார்.

ஃபேன் எனக்கு முன்னால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. சத்தியமாகப் பார்த்தேன். சுப்பையா அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இடது கால் செருப்பு கிடைக்கவில்லை. அந்த ஒரு செருப்பு கிடைக்காமல் போன நேரத்தில்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. உடனே கிடைத்திருந்தால் அவர் போயிருப்பார், நான் மில்லில் உட்கார்ந்திருப்பேன்.

கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று உண்மையைச் சொன்னேன். துரதிர்ஷ்டவசமாக, எம்.எஸ்ஸி. பாஷையில் சொன்னேன். உடம்பெல்லாம் நடுங்க, பின்னல் அவிழ்ந்து தொங்க, "பரப்பு ஒட்டுதல் வெப்பநிலையால் குறைகிறது! நாற்பதுக்கு மேல் நான் பார்க்கவில்லை! கோடு வளைகிறது! கோடு வளைகிறது!" என்று கத்தினேன்.

குலதெய்வத்தின் சன்னதியில், தலைவிரி கோலமாக, ஒரு கன்னிப்பெண் நடுங்கிக்கொண்டு புரியாத வார்த்தைகளைக் கத்தினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பூசாரி ஓடிவந்து என் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பினார். யாரோ வேப்பிலை கொண்டு வந்தார்கள்.

"ஆத்தா, எந்தக் கோடு ஆத்தா?" என்று பூசாரி பணிவாகக் கேட்டார். "எல்லைக் கோடா?"

மாமா அந்த நிலைமையிலும், "மில்ல வடக்க விரிவாக்கலாமான்னு கேளுங்க" என்றார்.

நான் திருநீற்றைத் துடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அழுகையோடு கடைசியில் தமிழ் வந்தது. "பால் நல்ல பால்தான். அண்டா வெளக்குன என் பொடியில சோப்பு இருக்கு. இன்னொரு தண்ணி ஊத்துறேன்னு அண்ணன் சொன்னாரு. நான்தான் வாளியப் புடிச்சு நிறுத்துனேன்."

கூட்டம் என்னை விட்டு இரண்டடி பின்வாங்கியது. சாமி வந்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை.

சுப்பையா அண்ணன் ஒற்றைச் செருப்போடு நின்றார். "அப்ப எம் பாலு நல்ல பாலு?"

"நல்ல பாலு அண்ணே."

"இன்னொருக்காச் சொல்லு. அந்தா, அந்தக் கடைசியில நிக்கிறவுகளுக்குக் கேக்குற மாதிரி."

சொன்னேன். அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

திருச்சுழியிலிருந்து ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. "பெண் நன்றாகப் படித்திருக்கிறது. எங்களுக்கு இவ்வளவு படிப்பு தாங்காது" என்று கௌரவமாக எழுதியிருந்தார் பெரியவர். மாமா பின்கட்டு அறையில் சாக்கு அடுக்கினார். மிச்சமிருந்த ஒத்தத்தண்ணியை வீணாக்க மனமில்லாமல் கோலப்பொடியில் கலந்து விற்றுவிட்டார். அந்த ஆண்டு கோடைமழை விழுந்தபோது, வெயிலில் காய்ந்து கிடந்த பல வாசல்கள் எலுமிச்சை வாசனையோடு நுரைத்தன என்று கேள்வி.

அப்புறம் ஒருநாள் அம்மாவே அடுப்பைப் பற்றவைத்து, "இப்பவாவது செஞ்சு தொலை" என்றாள். அறுபது டிகிரியில் பார்த்தேன். கல்லில் இருந்த சோப்பில் பாதிக்கு மேல் கழன்று வந்திருந்தது. பேராசிரியருக்கு நடந்ததையெல்லாம் எழுதி, கோடு தவறு என்று மன்னிப்புக் கேட்டேன். பதில் வந்தது: "பட்டம் வழங்கியாகிவிட்டது. வாழ்த்துகள்."

பிறகு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை ஆனேன். மூன்று வருடம் கழித்து, காதுகுத்துச் செய்தி எட்டாத தூரத்தில் ஒரு மாப்பிள்ளையை அப்பா கண்டுபிடித்தார். சமைக்கச் சுப்பையா அண்ணனைக் கூப்பிட்டோம். வருவதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தாலி ஏறியதும், மாலையும் கழுத்துமாக என்னைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போய், எல்லோரும் பார்க்க முதல் டம்ளர் பாயசத்தை என் கையில் கொடுத்தார். குடித்தேன். இடுப்பில் கைவைத்து ஐந்து நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான், "ம், எல போடுங்க" என்றார்.

அன்று ஆரம்பித்தது. எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் டம்ளர் எனக்குத்தான். நான் குடித்து ஐந்து நிமிடம் ஆகாமல் ஒருவரும் தொடமாட்டார்கள். என் மகன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா இன்னும் ஓடல, ஊத்தலாம்" என்று அறிவிப்பான்.

போன மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். வழக்கம்போல நான் டம்ளரும் கையுமாக நடுவில் நின்றேன். அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த சம்பந்தி அம்மாள் என் கணவரிடம் மெதுவாக, "இது என்னங்க சாங்கியம்? எங்க பக்கம் இல்லைங்களே" என்று கேட்டார்.

என் கணவர் கொஞ்சமும் சிரிக்காமல், "எங்க குலதெய்வம் கோயில்ல ஆரம்பிச்சதும்மா. ரொம்ப சக்தி வாய்ந்தது" என்றார்.

சம்பந்தி அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கமும் சாங்கியத்துக்கு முதலிலேயே ஒரு டம்ளர் கொடுத்துவிட வேண்டும், குறை வைக்கக் கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.